வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 38. தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு லாரி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். ரவாங்கில் இருவர் பெயரிலும் ஒரு தரை வீடு உண்டு. கடன் இன்னும் பாக்கி. கையில் 80,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறோம். மூத்த மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் நான்கு வருடமான ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில், 480 சதுர அடி ஸ்டூடியோ ஒன்று 380,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. 'மாதம் 1,900 வெள்ளி வாடகை வரும், வாடகையே தவணையைக் கட்டிவிடும், உங்கள் கைக்காசு தேவையில்லை' என்கிறார் ஏஜென்ட். என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண் அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டில் 1,500 வெள்ளிக்குத்தான் இருக்கிறாள். நாத்தனார், 'தினவாடகைக்கு விடு, இரண்டு மடங்கு வரும்' என்கிறார். எங்கள் அப்பா கடைசிவரை தோட்டத்து லயத்தில் இருந்தவர். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு வீடு வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, ரவாங்

பதில்:

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை நெருங்குவதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை இந்த விலைக்கு வாங்காதீர்கள். ஏன் என்பதை நிதானமாகப் பார்ப்போம். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். அதனால் ஒரு வீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வரும் கேள்வி, 'இது ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கும், அதற்கு வாங்கும் கடன் எவ்வளவு தின்னும்?' என்பதுதான். ஏஜென்ட் சொன்ன கணக்கில் இந்த இரண்டாவது பாதியே இல்லை.

அவர் கணக்கு இப்படி: மாதம் 1,900, ஆண்டுக்கு 22,800. விலையில் அது சரியாக 6 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,900 விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை. அந்தக் கட்டடத்தில் ஒருவர் மாதாமாதம் உண்மையில் கொடுப்பது எவ்வளவு என்பதை உங்கள் தோழியே சொல்லிவிட்டார். ஏஜென்டின் படம் போட்ட தாளைவிட அவர் சொல்வது நூறு மடங்கு நம்பகமானது. 1,500 என்றே வைத்துக்கொள்வோம்.

பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்காது. ஒருவர் காலி செய்து, வீட்டைச் சுத்தம் பண்ணி, அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். ஆக 11 மாத வாடகை, 16,500 வெள்ளி. இதில் மெயின்டனன்ஸும் சிங்கிங் ஃபண்டும் (பெரிய பழுதுகளுக்காகச் சேர்க்கும் நிதி) சேர்த்துச் சதுர அடிக்கு 40 சென் என்று போட்டால் மாதம் 192, ஆண்டுக்கு 2,304. மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி, பெதாக் வரி (அடுக்குமாடி வீட்டுக்கான நிலவரி), தீக்காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒரு 700. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுக்கு ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாறுவார் என்றால் ஆண்டுக்கு 750. ஏர்கோன் சர்வீஸ், வாட்டர் ஹீட்டர், குழாய் என்று மாதம் 100 ஒதுக்கினால் 1,200. எல்லாம் போகக் கையில் நிற்பது ஏறத்தாழ 11,550 வெள்ளி.

380,000-க்கு 11,550 என்றால் 3 விழுக்காடு.

கடன் பக்கம் வாருங்கள். இது உங்களுக்கு இரண்டாவது வீட்டுக்கடன் என்பதால் 90 விழுக்காடு வரை கிடைக்கலாம். மூன்றாவது என்றால் 70-தான். 2010 முதல் அதுதான் விதி. 90 விழுக்காடு என்றால் 342,000 வெள்ளி. 30 ஆண்டு, வட்டி 4.1 விழுக்காடு என்று வைத்தால் தவணை மாதம் 1,650 வரும், ஆண்டுக்கு 19,800. வீடு தருவது 11,550. மீதி 8,250 வெள்ளியை, அதாவது மாதம் கிட்டத்தட்ட 690 வெள்ளியை, உங்கள் சம்பளத்திலிருந்துதான் போட வேண்டும். 'கைக்காசு தேவையில்லை' என்ற பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த 19,800-இல் முதல் ஆண்டில் சுமார் 5,900 அசலில் கழியும். அது உங்கள் சேமிப்புதான், வீணில்லை. மற்ற 13,900-உம் வட்டி. வீடு 11,550 சம்பாதிக்க, வட்டி 13,900 கேட்கிறது. 3 விழுக்காடு சம்பாதிக்கும் பொருளை 4.1 விழுக்காட்டுக் கடனில் வாங்கினால், கடன் பெரிதாகப் பெரிதாக நட்டமும் பெரிதாகும். 'முழுக்கடனும் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியும் இப்படியே நிற்காது. மத்திய வங்கியான பாங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதம் 3.00 ஆனது, 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. மூன்றே ஆண்டில் ஒன்றேகால் விழுக்காடு ஏறியதை ரவாங் வீட்டுத் தவணையிலேயே பார்த்திருப்பீர்கள். இந்தக் கடனில் ஒரு விழுக்காடு கூடினால் தவணை மாதம் 200 வெள்ளி கூடும். வாடகை அப்படிக் கூடாது. 1,500 கொடுக்கிறவரிடம் 1,700 கேட்டால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுவார்.

இனி உங்கள் 80,000. முன்பணம் பத்து விழுக்காடு, 38,000. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி 6,600: முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதி 280,000-க்கு 2 விழுக்காடு. முதல் வீடாக இருந்தால் 500,000 வரை இதற்கு விலக்கு உண்டு. உங்களுக்கு ரவாங் வீடு இருப்பதால் அது கிடையாது. கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி அரை விழுக்காடு, 1,710. வழக்கறிஞர் கட்டணம் விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடனுக்கும் தனித்தனியாக ஒன்றேகால் விழுக்காடு, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி; ஏறத்தாழ 9,750. இவை மட்டும் 18,000-ஐத் தொடும். பிறகு கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், திரைச்சீலை. ஸ்டூடியோவுக்கு வருகிறவர் ஒரு பெட்டியோடு வருகிறவர். வெறும் வீட்டை எடுக்க மாட்டார். 15,000, 17,000 இல்லாமல் முடியாது. கூட்டிப் பாருங்கள், 73,000. மகள் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டு மூன்று ஆண்டுதான் இருக்கிறது. கையில் மிஞ்சுவது 7,000.

இதுவும் வங்கியின் மதிப்பு 380,000 என்று வந்தால்தான். பேசிய விலை, மதிப்பிட்ட விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். மதிப்பு 350,000 என்று வந்தால் கடன் 315,000-தான். நீங்கள் போட வேண்டியது 38,000-லிருந்து 65,000-க்கு ஏறிவிடும். இப்படி நடுவழியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.

மதிப்பு குறைந்து வர ஒரு காரணம் இருக்கிறது. வெளியில் அதைச் சொல்ல மாட்டார்கள். மேம்பாட்டாளர் புதிதாக விற்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, தள்ளுபடி, ரொக்கத் திருப்பம், இலவசத் தளவாடம் என்று பின்வாசல் வழியாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். பதிவேட்டில் நிற்பது ஒப்பந்த விலை மட்டும். நான்கு ஆண்டு கழித்து முதல் உரிமையாளர் விற்க வரும்போது, 'நானே இந்த விலைக்குத்தான் வாங்கினேன், உங்களுக்காக நட்டத்தில் தருகிறேன்' என்பார். அவர் உண்மையில் கொடுத்தது அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே அவர் வாங்கிய விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். அதே கட்டடத்தில், அதே அளவில், கடந்த ஓராண்டில் கைமாறிய வீடுகளின் விலையை எடுங்கள். மதிப்பீட்டுத் துறையின் நாபிக் தளத்தில் பரிவர்த்தனை விவரங்கள் கிடைக்கும். கூடவே அந்தக் கட்டடத்தில் லேலோங்கில், அதாவது ஏலத்தில், ஏதாவது வீடு போகிறதா என்றும் பாருங்கள். ஒரு முறை விலைபோகாத வீடு அடுத்த ஏலத்துக்குப் பெரும்பாலும் பத்து விழுக்காடு குறைந்து வரும். நீங்கள் 380,000-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு மாடி கீழே அதே வீடு 300,000-க்கு ஏலத்தில் நின்றால், வருங்காலத்தில் உங்களிடம் வாங்க வருகிறவரும் அதைப் பார்ப்பார்.

ஒரு வேலையாவது நீங்களே செய்ய வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள். ஏஜென்ட் இல்லாமல், வேலை நாளில், இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடத்தின் எதிரே போய் நில்லுங்கள். எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது? கீழே தபால் பெட்டிகளில் கடிதம் பிதுங்கிக்கொண்டிருக்கிறதா? வேலிக் கம்பியிலும் படிக்கட்டுக் கைப்பிடியிலும் எண் பூட்டுப் போட்ட சின்னச் சின்னச் சாவிப் பெட்டிகள் தொங்குகின்றனவா? அவை தினவாடகை வீடுகளின் அடையாளம். வாடகைக்கு ஆள் கிடைக்காத உரிமையாளர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் பல சமயம் அதுதான். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மெயின்டனன்ஸ் கட்டாதவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒரு தாளில் முடிந்தால் பரவாயில்லை. நாலைந்து தாள் அடுத்தடுத்து ஒட்டியிருந்தால் நிர்வாகத்திடம் காசு இல்லை என்று அர்த்தம். லிஃப்ட் பழுதானால் கிடக்கும், நீச்சல் குளம் பச்சையாகும், வாடகையும் கீழே போகும். விற்கிறவரிடம் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் கணக்கறிக்கையைக் கேளுங்கள். சட்டப்படி சிங்கிங் ஃபண்டுக்கு மெயின்டனன்ஸில் பத்து விழுக்காடு தனியாகப் போக வேண்டும். அது வங்கியில் இருக்கிறதா, கடனாளிகளின் பாக்கியாக ஏட்டில் மட்டும் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். சர்வீஸ் அபார்ட்மென்ட் வணிக நிலத்தில் நிற்பது. வரியும் தண்ணீர்க் கட்டணமும் சாதாரண கொண்டோவைவிடக் கூடுதலாக இருக்கலாம். போன ஆண்டு ரசீதுகளையும் வாங்கிப் பாருங்கள்.

நாத்தனார் சொன்ன தினவாடகைக்கு வருகிறேன். வெர்வ் ஸ்வீட்ஸ் மோன்ட் கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புக் கொடுத்துவிட்டது: குறுகிய கால வாடகையைத் தடுக்கத் துணை விதி போட அடுக்குமாடி நிர்வாகக் கழகத்துக்கு உரிமை உண்டு. இன்றைக்கு அனுமதி இருந்தாலும் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கையைத் தூக்கி நிறுத்திவிடலாம். அதோடு, விருந்தாளி போனதும் படுக்கை விரிப்பு மாற்றுவது யார்? இரவு வேலை முடிந்து ரவாங்குக்குப் போகிற நீங்களா? ஆள் வைத்துச் செய்தால் அந்த 'இரண்டு மடங்கு' எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

வாடகைக்கு யார் வருவார் என்பதையும் ஏஜென்ட் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். 'பக்கத்திலேயே டார் யுஎம்டி பல்கலைக்கழகம், மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்' என்றிருப்பார். மாணவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்று அறை கொண்டோவில் ஆளுக்கோர் அறை எடுத்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனியாக 1,500 கொடுக்கிற மாணவர் எத்தனை பேர்? ஸ்டூடியோவுக்கு வருவது தனியாள் அல்லது புது மணத் தம்பதி. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் வேலை மாறும், குழந்தை வரும், கிளம்பிவிடுவார்கள். அதே தெருவில் புதுக் கட்டடம் எழும்பினால் இன்னும் சீக்கிரமே கிளம்புவார்கள். நாபிக் அறிக்கையில் 'ஓவர்ஹேங்' என்று ஒரு கணக்கு வரும்: கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழும் வாங்கியும், விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதத்துக்கு மேல் விலைபோகாமல் கிடக்கும் வீடுகள். அதில் கோலாலம்பூரின் அடுக்குமாடிகளும் சர்வீஸ் அபார்ட்மென்டுகளும் பல ஆண்டாக முன்வரிசையில் இருக்கின்றன. உங்கள் ஸ்டூடியோ போட்டி போட வேண்டியது அவற்றோடு.

'எப்படியும் விலை ஏறும்' என்பார்கள். எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்த்துவிடுவோம். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி: முதல் மூன்று ஆண்டுக்குள் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இல்லை. ஆறாம் ஆண்டில் விற்கிறீர்கள் என்றே வைப்போம். வாங்கியபோது போன 18,000, ஆண்டுதோறும் வட்டிக்குப் பற்றாமல் போன இரண்டாயிரத்துச் சொச்சம், விற்கும் ஏஜென்டுக்கு 3 விழுக்காடு, எல்லாம் சேர்த்தால் 420,000-ஐத் தாண்டினால்தான் போட்டது திரும்பும். அதுவரை உங்கள் 73,000 வெறுமனே கிடந்திருக்கும். அதே பணத்துக்கு ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2023-இல் 5.50 விழுக்காடும் 2024-இல் 6.30 விழுக்காடும் கொடுத்தது. குழாய் உடைந்தது என்று ராத்திரியில் யாரும் போன் பண்ணவும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் இபிஎஃபில் போடச் சொல்லவில்லை. சொந்தமாக ஆண்டுக்கு 100,000 வரை போடலாம். ஆனால் 2024 மே முதல் மூன்று கணக்காகப் பிரிகிறது. நான்கில் மூன்று பங்கு ஓய்வுக் கணக்குக்குப் போய் உட்கார்ந்துவிடும். மகளின் படிப்புக்கான பணம் அங்கே போகக்கூடாது. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு நிரந்தர வைப்புத்தொகை போதும்; வட்டி குறைவுதான், ஆனால் தேவைப்படுகிற நாளில் இருக்கும். படிப்புக்கு எவ்வளவு என்று முதலில் ஒதுக்கி வையுங்கள். மாதம் 690 வெள்ளி ஸ்டூடியோவுக்குப் போட முடியும் என்றால், அந்த 690-ஐ ஒரு பகுதி இபிஎஃபுக்கும் ஒரு பகுதி ரவாங் கடனின் அசலுக்கும் போடுங்கள். ரவாங் கடனில் கூடுதலாகக் கட்டுவது அசலில்தான் கழிய வேண்டும் என்று வங்கியிடம் சொல்லிக் கட்டுங்கள். சில வங்கிகளில் சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்கூட்டிக் கட்டியதாக வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தோட்டத்து லயம், வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கதவும் ஒரு பூட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருப்பது நியாயம். அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு வைப்பதென்றால், நாளைக்கு ஒரு குடும்பம் வாழக்கூடிய வீடாக வையுங்கள். 480 சதுர அடியில் கட்டிலிலிருந்து கையை நீட்டினால் சிங்க். மகள் கல்யாணம் கட்டி அங்கே எத்தனை நாள் இருப்பாள்?

இதே பணத்தில் செத்தாப்பாக், வங்சா மாஜு, செந்தூல் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டான, 800 சதுர அடிக்கு மேற்பட்ட, மூன்று அறை வீடுகளும் விற்பனைக்கு வருகின்றன. பளபளப்பு இருக்காது, நீச்சல் குளம் இருக்காது. அங்கே வருவது குடும்பம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நாலைந்து ஆண்டு நகர மாட்டார்கள். நம் ஊரில் வாடகை விளம்பரங்களில் 'இந்தியர்களுக்கு இல்லை' என்று கூச்சமில்லாமல் போடுகிறார்கள். நல்ல சம்பளம் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள்கூட வீடு வீடாக அலைகின்றன. அப்படி ஒரு குடும்பத்துக்கு நேர்மையான வாடகைக்கு விட்டால், ஆள் மாறும் செலவே உங்களுக்குப் பாதி குறையும். சம்பளச் சீட்டைப் பார்க்காமல், இரண்டு மாத முன்பணம் வாங்காமல், ஒப்பந்தத்துக்கு முத்திரை போடாமல் மட்டும் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். வாடகை கட்டாதவரை நீங்களாகப் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது, நீதிமன்ற ஆணை வேண்டும். முத்திரை போடாத ஒப்பந்தம் அங்கே சான்றாக எடுபடாது.

வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். வாடகை வருமானத்தில் கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, பழுதுச் செலவைக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது. நட்டம் வந்தால் அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கவும் விட மாட்டார்கள்.

ஸ்டூடியோவே வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், என்ன விலைக்குச் சரிவரும்? வீடு தரும் 11,550 வெள்ளி 4.1 விழுக்காட்டுக்குச் சமமாக வர வேண்டுமானால் விலை 280,000 வெள்ளிதான். அந்த விலையைக் கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் சிரிப்பார். சிரிக்கட்டும், விற்கிறவரிடம் அதை எழுத்தில் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆனால் மகளின் படிப்புப் பணத்தை ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் இந்தப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விஷயம். அந்தப் பத்து விழுக்காட்டு முன்பணத்தில் முதல் பங்காக விலையில் இரண்டு மூன்று விழுக்காடு, அதாவது 7,600 முதல் 11,400 வெள்ளி வரை கேட்பார்கள். ஏற்கெனவே எதிலும் கையெழுத்துப் போட்டிருந்தால், 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திரும்பத் தரப்படும்' என்ற வரி அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இன்னும் எதுவும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். வேறு வீட்டுக்கு என்றைக்காவது கட்ட நேர்ந்தாலும் ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞரின் கணக்கிலோ போட்டு ரசீதைக் கையில் வாங்குங்கள். நாபிக்கில் விலைகளைப் பார்த்துவிட்டு அந்தப் பட்டியலோடு மறுபடி எழுதுங்கள். மூன்று அறை வீடு எதையாவது பார்த்தால் அதன் விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.